வேளாண் பொருளியலில் எம்.எஸ்.சி.: பாடம், சர்வே, செலவுக் கணக்கு

கேள்வி இது: "பி.எஸ்.சி. அக்ரி இறுதியாண்டு படிக்கிறேன். எம்.எஸ்.சி.க்கு வேளாண் பொருளியல் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கணக்கு அதிகமா? தீசிஸ் எப்படிச் செய்ய வேண்டும்? இதைவிட எம்.பி.ஏ. அக்ரிபிசினஸ் மேலா?"

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். விதைக் கம்பெனியிலோ பூச்சிமருந்துக் கம்பெனியிலோ ஏரியா மேனேஜராகப் போவதுதான் எண்ணம் என்றால் எம்.பி.ஏ.தான் நேர்வழி. அங்கே மார்க்கெட்டிங், நிதி, இன்டர்ன்ஷிப், கேம்பஸ் இன்டர்வியூ என்று படிப்பே வேலையைப் பார்த்து ஓடும். வேளாண் பொருளியல் எம்.எஸ்.சி. ஓர் ஆராய்ச்சிப் பட்டம். ஒரு தொழில்நுட்பத்தால் விவசாயி கையில் என்ன மிஞ்சுகிறது, மிஞ்சும் என்றால் பக்கத்து வயல்காரர் ஏன் அதைத் தொடவில்லை என்ற மாதிரிக் கேள்விகளில் ஆர்வம் இருந்தால் மட்டும் வாருங்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். வேளாண் பொருளியல் துறை அங்கே 'கார்ட்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்லும் வேளாண் மற்றும் ஊரக மேம்பாட்டு ஆய்வு மையத்துக்குள் இருக்கிறது. விவசாயிகளிடம் தொழில்நுட்பத்தைக் கொண்டுசேர்ப்பதைப் படிக்கும் விரிவாக்கத் துறையும் எம்.பி.ஏ. நடத்தும் துறையும் அதே மையத்தில்தான். மதுரைக் கல்லூரியிலும் பொருளியல் துறை உண்டு. சேர இரண்டு வழி: பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத்தேர்வு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) ஒதுக்கீட்டுக்கான அகில இந்திய முதுநிலை நுழைவுத்தேர்வு. இரண்டாவதில் 'சமூக அறிவியல்' பிரிவை எழுத வேண்டும்; அதில் பொருளியலோடு விரிவாக்கக் கல்வியும் சேர்ந்தே வரும். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. பொருளியலை மட்டும் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

2021-இல் வந்த ஐ.சி.ஏ.ஆர். புதிய பாடத்திட்டப்படி முதுநிலைக்கு மொத்தம் 70 கிரெடிட். மேஜர் 20, மைனர் 8, துணைப்பாடம் 6, பொதுப்பாடம் 5, செமினார் 1, மீதி 30 முழுக்க ஆராய்ச்சி. மேஜரில் நுண்பொருளியல், பேரினப் பொருளியல், உற்பத்திப் பொருளியல், சந்தையும் விலை ஆய்வும், வேளாண் நிதி, எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவுக்கான புள்ளியியல்), ஆராய்ச்சி முறையியல் ஆகியவை தவறாமல் வரும். துணைப்பாடமாகப் புள்ளியியலை எடுப்பது புத்திசாலித்தனம்.

கணக்கு? பயப்படும் அளவுக்கு இல்லை, தப்பிக்கும் அளவுக்கும் இல்லை. பகுதி வகையீடு, அணி, மடக்கை, ரிக்ரஷன் ஆகிய நான்கும் கைக்கு வந்தால் போதும். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காமல் வந்தவர்கள் சேருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் இதைச் சரிசெய்துகொள்ளலாம். மென்பொருளுக்காக யாரிடமும் காசு கொட்டிக் கோர்ஸ் படிக்காதீர்கள். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், செலவுக் கணக்குக்கு எக்செல் போதும். மென்பொருள் தெரியாமல் தீசிஸ் கெட்டதைவிட, வயலில் வாங்கி வந்த எண்கள் தப்பாக இருந்து கெட்டதே அதிகம். ஆகவே மீதிப் பதில் முழுக்க அந்த எண்களைப் பற்றியது.

முதலில் தலைப்பு. "இன்ன மாவட்டத்தில் சின்ன வெங்காயச் சாகுபடியின் பொருளியல் ஆய்வு" என்ற வகைத் தலைப்புகள் எல்லா நூலகத்திலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதில் கேள்வியே கிடையாது. செலவு, வரவு, சந்தை வழிகள், பிரச்சினைகள் என்று நான்கு அத்தியாயம் எழுதி முடித்துவிடுவார்கள். அதே வெங்காயத்தில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள்: பெரம்பலூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் விற்காமல் பட்டறை என்ற சேமிப்புக் குவியல் போட்டு வைக்கிறாரே விவசாயி, எடை இழப்பு, அழுகல், பட்டறை போட்ட கூலி, முடங்கிய பணத்துக்கு வட்டி எல்லாம் போக அவருக்கு ஏதாவது நிற்கிறதா? விலை எவ்வளவு ஏறினால் காத்திருந்ததற்குக் கட்டும்? அதே பட்டறையில் விதை வெங்காயமும் இருந்தால் கணக்கு எப்படி மாறும்? இப்படி ஒரு கேள்வி இருந்தால் எந்தத் தகவலை வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகத் தெரியும்.

அடுத்தது மாதிரி எடுப்பது. எம்.எஸ்.சி.யில் 120 விவசாயிகள் என்பது எழுதப்படாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. 120 தவறில்லை, அதைக் கூறுபோடுவதில்தான் வம்பு. குறு, சிறு, நடுத்தர, பெரு விவசாயி என்று நாலாகப் பிரித்தால் பெரு விவசாயிப் பெட்டியில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அவர்களின் சராசரியை அட்டவணையில் போட்டு "பெரு விவசாயிகளின் திறன் அதிகம்" என்று எழுதினால் வைவாவில் (தீசிஸ் வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுதான். நான்கு வகைகளை ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் வகைக்கு 30 என்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். மாவட்டச் சராசரி சொல்லும்போது உண்மையான விகிதத்துக்கு எடை கொடுங்கள். மத்திய அரசின் சாகுபடிச் செலவுத் திட்டம் இதைத்தான் செய்கிறது. 1970-71-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தாலுகா, கிராமத் தொகுதி, பண்ணை என்று மூன்று படி. ஒவ்வொரு தொகுதியிலும் 1 ஹெக்டேருக்குக் கீழ், 1–2, 2–4, 4–6, 6-க்கு மேல் என்ற ஐந்து அளவிலும் இரண்டிரண்டு பேர், ஆக பத்துப் பண்ணை. தமிழ்நாட்டில் அதை நடத்துவது கோவைப் பல்கலைக்கழகம்தான். அந்தத் திட்டத்தின் களப்பணியாளர் ஒருவரோடு ஒரு நாள் சுற்றினால் ஒரு செமஸ்டர் பாடம்.

அவர்கள் ஆண்டு முழுக்கக் கணக்கு எழுதுகிறார்கள். நீங்கள் ஒரே தடவை போய் விவசாயியின் ஞாபகத்தை நம்பி எழுதுகிறீர்கள். அதனால் அறுவடை முடிந்த ஒரு மாதத்துக்குள் போய்விட வேண்டும். "மொத்தம் எத்தனை ஆள் செலவு?" என்று கேட்டால் வாயில் வந்த எண் கிடைக்கும். நாற்றங்கால், சேற்றுழவு, வரப்பு வெட்டு, நடவு, முதல் களை, இரண்டாம் களை, உரம், மருந்து, தண்ணீர் பாய்ச்சல், அறுப்பு, காய வைத்தல் என்று வேலை வேலையாகக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் வீட்டு ஆள் எத்தனை, கூலியாள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, எத்தனை மணி நேரம். நடவை ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் விட்டிருந்தால் அந்தத் தொகையை அப்படியே எழுதுங்கள், ஆள் கணக்காக மாற்றக் கூடாது. அறுவடை இயந்திரம் என்றால் பெல்ட் மிஷினா டயர் மிஷினா, எத்தனை மணி, மணிக்கு என்ன வாடகை. ஈர வயலில் பெல்ட்தான் இறங்கும், வாடகையும் கூட.

அளவுகள் தனி அத்தியாயம். டெல்டாவில் இன்னமும் 'மா' கணக்கு உண்டு: ஒரு மா கிட்டத்தட்ட 33 சென்ட், 20 மா ஒரு வேலி. ஹெக்டேருக்கு மாற்றும்போது 2.47 ஏக்கர். மூட்டை அதைவிட மோசம். ஓரிடத்தில் 60 கிலோ, இன்னோரிடத்தில் 75 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். "ஏக்கருக்கு 35 மூட்டை" என்று மட்டும் எழுதிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினால் அது 2,100 கிலோவா 2,625 கிலோவா என்று யாருக்கும் தெரியாது. மூட்டை என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் கிலோவுக்கு ஒரு கட்டம் வையுங்கள். ஸ்கெட்யூலை (கேள்விப் படிவத்தை) அச்சடிக்கும் முன் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தக் குளறுபடிகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இனி செலவுக் கணக்கு. சாகுபடிச் செலவை ஏ1 முதல் சி3 வரை படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஏ1 என்பது கையிலிருந்து பணமாகவோ பொருளாகவோ போனது: கூலியாள், மாடு, இயந்திரம், விதை, உரம், மருந்து, பாசனக் கட்டணம், நிலவரி, தேய்மானம், நடைமுறை மூலதன வட்டி. குத்தகை கொடுத்திருந்தால் அதைச் சேர்த்து ஏ2. ஏ1-உடன் நிலம் தவிர்த்த சொந்த முதலீட்டுக்கு வட்டி சேர்ந்தால் பி1. பி1-உடன் சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் கொடுத்த குத்தகையும் சேர்ந்தால் பி2. பி1, பி2 இரண்டோடும் குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் முறையே சி1, சி2. மேலாண்மைக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சி3.

ஓர் ஏக்கர் நெல்லுக்குக் கணக்குக்காக எண்கள் வைத்துப் பார்ப்போம். சொந்த நிலம், குத்தகை இல்லை. ஏ1 ரூ.27,000. முதலீட்டு வட்டி 1,500, ஆக பி1 28,500. நில வாடகை 10,000, ஆக பி2 38,500. குடும்ப உழைப்பு 6,000, ஆக சி2 44,500. விளைச்சல் 24 குவிண்டால், குவிண்டால் 2,500 என்று 60,000, வைக்கோல் 3,000, மொத்த வரவு 63,000. பண்ணைத் தொழில் வருமானம், அதாவது வரவில் ஏ1 போக, 36,000. சி2 போக நிகர வருமானம் 18,500. ஒரே வயல், ஒரே பருவம், இரண்டு 'லாபம்'. எந்தச் செலவின் மேல் என்று சொல்லாமல் லாபம் என்ற சொல்லை எழுதவே கூடாது.

குவிண்டாலுக்கு என்ன செலவு என்று கேட்டால் 44,500-ஐ நேராக 24-ஆல் வகுக்கிறார்கள். தப்பு. அந்தச் செலவில் வைக்கோலுக்கும் பங்குண்டு. 63-க்கு 60 என்ற விகிதத்தில் நெல்லின் பங்கு 42,381. 24-ஆல் வகுத்தால் ரூ.1,766. அதே முறையில் ஏ2-உடன் குடும்ப உழைப்பை மட்டும் சேர்த்தால் சுமார் ரூ.1,310. குறைந்தபட்ச ஆதரவு விலைச் சண்டை முழுவதும் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் நடக்கிறது. 2018-19 முதல் மத்திய அரசு சொல்லும் 'ஒன்றரை மடங்கு' ஏ2 கூட்டல் குடும்ப உழைப்பின் மேல். விவசாயச் சங்கங்கள் கேட்பது சி2-வின் மேல். 2025-26-இல் சாதாரண நெல்லுக்கு அரசு எடுத்த செலவு 1,579, அறிவித்த விலை 2,369. மாநில அரசு 131 சேர்த்து 2,500 ஆக்கியது.

இந்த அட்டவணையில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. தேய்மானம் முதலாவது. பவர் டில்லர் 2,00,000 ரூபாய், கடைசியில் பழைய இரும்பு விலை 20,000, ஆயுள் பத்து ஆண்டு என்றால் ஆண்டுக்கு 18,000. அதை அப்படியே நெல்லின் தலையில் கட்டிவிடுவார்கள். ஆண்டுக்கு 300 மணி ஓடுகிறது என்றால் மணிக்கு 60. இந்த ஏக்கரில் 6 மணி உழுதிருந்தால் 360 மட்டுமே. சொந்த டில்லருக்கு ஊர் வாடகையும் போட்டு, தேய்மானமும் போட்டால் இரட்டைக் கணக்கு. நடைமுறை மூலதன வட்டியைப் பயிர்க்காலத்தில் பாதிக்குத்தான் போட வேண்டும், ஏனென்றால் பணம் முழுவதும் முதல் நாளே இறங்குவதில்லை. 120 நாள் பயிர் என்றால் 60 நாள் வட்டி. நில வாடகைக்கு ஊரில் நடக்கும் குத்தகையைக் கேளுங்கள். அதிகாரபூர்வ முறையில் அதற்கு நிலச் சட்டம் சொல்லும் நியாய வாடகை என்ற உச்சவரம்பு உண்டு. நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள். பம்புசெட்டுக்கு இங்கே மின்சாரம் இலவசம், அதனால் பாசனச் செலவு பூஜ்யம் என்று விட்டுவிடுகிறார்கள். போர்வெல், மோட்டார், பைப் ஆகியவற்றின் தேய்மானமும் வட்டியும் எங்கே போயிற்று? தண்ணீர் இல்லாமல் கைவிட்ட பழைய போர்கள்? கோவை, திருப்பூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனப் பயிரில் பெரிய செலவே அதுதான்.

குடும்ப உழைப்புக்கு ஊர்க்கூலியைப் போட்டால் சின்ன விவசாயிகள் பாதிப்பேர் நஷ்டத்தில் ஓடுவதாகத் தெரியும். இது பழைய விவாதம். 1954-55-இல் தொடங்கிய பண்ணை மேலாண்மை ஆய்வுகளில் (அன்றைய சென்னை மாநிலத்தில் சேலமும் கோவையும் எடுக்கப்பட்டன) இதே முடிவு வந்தது. பண்ணை பெரிதாகப் பெரிதாக ஏக்கர் விளைச்சல் குறைவதும் தெரிந்தது. 1962-இல் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதை எடுத்துப் பேசினார்: வெளியே அந்தக் கூலிக்கு வேலை கிடைக்காத குடும்பத்துக்கு அந்தக் கூலியை ஏன் செலவாகப் போட வேண்டும்? உங்கள் அட்டவணையில் குறு விவசாயிக்கு நஷ்டம் வந்தால் உடனே 'திறன் குறைவு' என்று எழுதாதீர்கள். ஏ1-இன் மேல் அவருக்கு என்ன நிற்கிறது என்று பக்கத்திலேயே காட்டுங்கள்.

தொழில்நுட்ப மதிப்பீடு என்றால் சொட்டுநீர், இயந்திர நடவு, ட்ரோன் தெளிப்பு இவைதான் இப்போது அதிகம். சிறிய மாற்றத்துக்குப் பகுதி வரவுசெலவு போதும்: கூடிய வரவும் குறைந்த செலவும் ஒரு பக்கம், கூடிய செலவும் குறைந்த வரவும் மறுபக்கம். மாறாத செலவுகளை உள்ளே இழுக்காதீர்கள். பல ஆண்டு உழைக்கும் முதலீட்டுக்கு இது போதாது. ஏக்கருக்கு 60,000 ரூபாய் சொட்டுநீர், ஏழு ஆண்டு ஆயுள், பத்து சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுச் செலவு சுமார் 12,300. வெறுமனே ஏழால் வகுத்தால் 8,571-தான் வரும். பிறகு மானியம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100, மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்பதால் இரண்டு கணக்கு போட வேண்டும்: விவசாயி பாக்கெட்டிலிருந்து ஒன்று, மானியத்தையும் செலவாகச் சேர்த்து ஒன்று. முதலாவதில் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய பொறி, சொட்டுநீர் போட்ட 60 பேரையும் போடாத 60 பேரையும் எடுத்து விளைச்சல் வித்தியாசத்தைச் சொட்டுநீரின் பலன் என்று எழுதுவது. போட்டவர் யார்? நல்ல போர் உள்ளவர், தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போய்வரத் தெரிந்தவர், கையில் கொஞ்சம் காசு உள்ளவர். அவர் சொட்டுநீர் போடாவிட்டாலும் கூடுதலாகவே எடுத்திருப்பார். ஒரே மாதிரி நிலைமையில் உள்ளவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிடும் ப்ரொபென்சிட்டி ஸ்கோர் மேட்சிங் போன்ற முறைகள் ஓரளவுக்கு உதவும்; ஆனால் நிலத்தடி நீர் ஆழம், மண், படிப்பு, வேறு வருமானம் ஆகியவற்றை ஸ்கெட்யூலிலேயே கேட்டிருந்தால்தான் மேட்ச் செய்ய ஏதாவது இருக்கும்.

உள்ளீடுகளையும் விளைச்சலையும் மடக்கையில் இணைக்கும் காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பை எல்லாரும் ஓட்டுகிறார்கள். தொழு உரம் போடாதவருக்குப் பூஜ்யம், பூஜ்யத்துக்கு மடக்கை இல்லை. அங்கே 1 என்று போட்டு மறைக்காமல், போட்டார், போடவில்லை என்று தனி டம்மி மாறி வையுங்கள். விளக்கம் சொல்வதில் வரும் தப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: தழைச்சத்தின் (நைட்ரஜன்) கெழு 0.08, சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 2,400 கிலோ, தழைச்சத்து 60 கிலோ. இறுதிநிலை விளைவு (இன்னொரு கிலோ தழைச்சத்து கூட்டித் தரும் நெல்) 0.08 பெருக்கல் 40, அதாவது 3.2 கிலோ நெல், 25 ரூபாய் வீதம் 80 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய், அதில் தழைச்சத்து 20.7 கிலோ, ஆக கிலோ சுமார் 13 ரூபாய். விகிதம் ஆறுக்கு மேல். உடனே "யூரியா குறைவாகப் பயன்படுத்தப்படுகிறது, கூட்டலாம்" என்று முடிவுரையில் எழுதிவிடுவார்கள். 60 கிலோ என்பதே ஹெக்டேருக்குச் சுமார் 150 கிலோ ஆகிறது, அது ஒன்றும் குறைவில்லை. விகிதம் இப்படி எகிறுவதற்குப் பெரிய காரணம் மானிய விலை. நல்ல தண்ணீர் வசதி உள்ளவரே உரமும் கூடப் போடுவதால் கெழுவும் வீங்கியிருக்கும். இதையெல்லாம் சொல்லாத பரிந்துரை, பக்கத்து அறையில் இருக்கும் உழவியல்காரர் சிரிக்கிற பரிந்துரை.

விவசாயிகள் சொல்லும் பிரச்சினைகளை வரிசைப்படுத்த கேரட் (Garrett) தரவரிசை என்ற முறை. ஐந்து பிரச்சினை என்றால் இடங்களுக்கு 75, 60, 50, 40, 24 என்று மதிப்பு வரும், சராசரி எடுத்தால் முடிந்தது. எல்லாத் தீசிஸிலும் ஆள் பற்றாக்குறை முதலிடம், விலை ஏற்ற இறக்கம் இரண்டாமிடம். தெரிந்த விஷயத்துக்கு ஓர் அத்தியாயம் எதற்கு? ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள்.

வயலுக்கே போகாமல் விலைத் தரவை மட்டும் வைத்தும் தீசிஸ் செய்யலாம். அரசின் சந்தை விலை இணையதளமான அக்மார்க்நெட்டில் எடுக்கும்போது சந்தை விடுமுறை நாளையும் பதிவே செய்யாத நாளையும் பிரித்துப் பாருங்கள். திடீரென்று ஒரு நாள் மட்டும் விலை பத்து மடங்கு ஏறினால் அது பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. அதைச் சரிசெய்யாமல் அரிமா (ARIMA) என்ற காலத்தொடர் மாடல் ஓட்டினால் முன்கணிப்பு முழுவதும் அந்த ஒரு பிழையைச் சுற்றியே ஆடும்.

வேலை பற்றி. நபார்டு, வங்கிகளின் வேளாண் அதிகாரிப் பதவி, ஐ.சி.ஏ.ஆர். விஞ்ஞானி தேர்வு, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித்தேர்வு, டெல்லியில் உள்ள தேசிய வேளாண் பொருளியல் நிறுவனம் போன்ற இடங்களில் திட்டப் பணியாளர் என்பவை வழக்கமான வாசல்கள். வங்கியின் வேளாண் கள அதிகாரி வேலைக்கு பி.எஸ்.சி.யே போதும், அதற்காக மட்டும் எம்.எஸ்.சி. வேண்டாம். இந்தியப் பொருளியல் பணித் தேர்வை மனதில் வைத்துச் சேருகிறவர்கள் முதலில் அறிவிக்கையைப் படியுங்கள்: பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் ஆகிய முதுநிலைப் பட்டங்களைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.